காலரில் அழித்தது

ஜூன் 3, செவ்வாய்

பள்ளிக்கூடம் நேற்றே திறந்துவிட்டது. இன்று மிருதுளா ஒரு படிவம் கொண்டுவந்தாள். மாலையில் பிள்ளையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள் யார், என்ன உறவு, போட்டோ. இரண்டு கட்டங்கள் இருந்தன. முதல் கட்டத்தில் 'தெய்வானை, அம்மா' என்று எழுதி என் போட்டோவை ஒட்டினேன். இரண்டாவது கட்டத்தின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். போன வருடமும் அப்படித்தான், அதற்கு முந்தின வருடமும் அப்படித்தான்.

மதியம் ஆர்ட் டைரக்டர் ஜெயசீலன் கூப்பிட்டார். புதுப் படம். பிள்ளை பிடிக்க வந்தவன் என்று ஒருவனைச் சந்தேகப்பட்டு ஒரு கிராமமே சேர்ந்து அடிக்கிறது. அதற்கு வேண்டியவை: ரப்பர் அரிவாள் இருபது, பட்டால் வலிக்காத உருட்டுக்கட்டை பத்து, ஸ்பாஞ்சில் கல் இரண்டு மூட்டை. அப்புறம் கம்ப்யூட்டர் வேலை ஒன்று. போலீஸ் ஒட்டியது போல ஒரு எச்சரிக்கை போஸ்டர். ஒரு முகம், கீழே ஒரு போன் நம்பர்.

"மூஞ்சி எப்படி சார் இருக்கணும்? அடி வாங்கற நடிகரோடதா?"

"அது வேணாம்மா. போஸ்டர்ல இருக்கறவன் ஒருத்தன், அடி வாங்கறவன் வேற ஒருத்தன். அதான் கதையே. வில்லன் மூஞ்சியும் வேணாம். நல்லவன் மாதிரி இருக்கணும். பாத்தா, பிள்ளைய இவன் கைல குடுத்துட்டுக் கடைக்குப் போய்ட்டு வரலாம்னு தோணணும். அப்புறம், படம் வெளிய வர்ற வரைக்கும் எதையும் எங்கயும் போட்டுறாத. அக்ரிமென்ட்ல இருக்கு."

நல்லவன் மாதிரி முகம். கெட்டவன் முகம் என்றால் பத்து நிமிடத்தில் வரைந்துவிடலாம். கம்ப்யூட்டரைத் துழாவியதில் பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. பெரிய அளவில் இருந்தது, வெளிச்சமும் நன்றாக விழுந்திருந்தது. எடுத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். சுவரில் மாலை போட்ட போட்டோ வேண்டுமென்றால் பெரியப்பாவை மாட்டிவிடுவோம், சொந்தக்காரர்கள் கேஸ் போடமாட்டார்கள். எட்டு வயது கூட்டினேன். முன்முடியைக் குறைத்தேன். சட்டைக் காலரில் மட்டும் கொஞ்சம் அழிக்க வேண்டியிருந்தது. அதற்கே ஒரு மணி நேரம் ஆயிற்று.

போன் நம்பருக்கு வழக்கம்போல என் இரண்டாவது சிம். முன்னொரு படத்துக்கு வாயில் வந்த பத்து எண்களைப் போட்டு, அது தேனியில் ஒரு வாழைக்காய் வியாபாரியின் நம்பராகிப்போனது. மனிதர் ஆறு மாதம் என்னைத் திட்டித் தீர்த்தார். அதிலிருந்து எந்த போஸ்டரானாலும் என் நம்பர்தான். அடியில் 'படப்பிடிப்புக்காக மட்டும்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. வேலை முடிந்தது.

ஜூன் 5, வியாழன்

டைரக்டருக்கு முகம் ரொம்பப் பிடித்துவிட்டதாம். யார் இவர், நடிக்க வருவாரா என்று கேட்டாராம். யாருமில்லை, நாலைந்து முகத்தைக் கலந்து செய்தது என்று சொல்லிவிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்து கல் செய்கிறேன். ஸ்பாஞ்சைக் கத்தியால் வெட்டினால் ஓரம் நேராக வந்து காட்டிக்கொடுத்துவிடும். கையால் பிய்க்க வேண்டும். பிறகு ரப்பர் பால் பூசிக் காயவைத்து வண்ணம். படப்பிடிப்பு மேலக்கரிசல்பட்டியில். அருப்புக்கோட்டையிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அந்தப் பக்கத்துக் கல் வெளுப்பாக, ஓரத்தில் காவியேறி இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பிறந்து வளர்ந்தது அதே மாவட்டத்தின் இன்னொரு மூலையில். போய்த்தான் இரண்டு வருடமாகிறது.

மிருதுளா பள்ளி விட்டு வந்ததும் ஒரு கல்லைத் தூக்கி என் முதுகில் எறிந்தாள். பக்கென்று திரும்பினேன். அது தரையில் விழுந்து துள்ளியது. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கும்தான். பார்வைக்கு ஒரு குறையும் சொல்ல முடியாத கல்.

பிறகு ஸ்க்ரீன் பக்கம் போனவள் கத்தினாள்: "அம்மா! வெயிலு மாமா!"

"மாமா இல்லடி. மாமா மாதிரி ஒருத்தரு."

"இது என் காதுகுத்துக்கு மாமா போட்டிருந்த சட்டை. ஆல்பத்துல இருக்கு."

ஸ்க்ரீனை அணைத்தேன். தோசை வேண்டுமா, உப்புமா வேண்டுமா என்று கேட்டேன். தோசையே சுட்டேன்.

ஜூன் 14, சனி

படப்பிடிப்பு நேற்று முடிந்ததாம். கல்லைத் தொட்டுப் பார்த்த பிறகும் ஊர்க்காரர்கள் நம்பவில்லையாம். பெருமையாக இருந்தது.

சாயங்காலம் இரண்டாவது சிம்முக்கு ஒரு போன். "பிள்ளை புடிக்கிறவனைப் பத்திச் சொல்ற நம்பருதானே இது?" என்று ஒரு ஆள் கேட்டார். சிரித்துக்கொண்டே விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. அப்படியா என்று வைத்துவிட்டார். ஜெயசீலனிடம் சொன்னேன். போஸ்டர்களை எல்லாம் கிழித்தாயிற்று, பஸ் நிறுத்தத்தில் ஒன்றோ இரண்டோ மிஞ்சியிருக்கலாம், திங்கட்கிழமை ஆள் அனுப்புகிறேன் என்றார்.

ஜூன் 15, ஞாயிறு

காலையிலிருந்து ஏழு போன். ஏழாவது ஆள் வாட்ஸ்அப்பில் படத்தையே அனுப்பினார். யாரோ சுவரில் இருந்ததைப் போட்டோ எடுத்திருக்கிறார்கள். அடியில் இருந்த என் பொடி எழுத்து வரி இல்லை, வெட்டிவிட்டார்கள். மேலே புதிதாக நாலு வரி சேர்த்திருக்கிறார்கள். பன்னிரண்டு பிள்ளைகளைக் கடத்திய கும்பலின் தலைவன், வியாபாரி போல ஊர் ஊராக வருகிறான், எல்லாருக்கும் பகிரவும்.

'பலமுறை பகிரப்பட்டது' என்ற குறி அதற்குள் விழுந்துவிட்டது.

ஏழு பேருக்கும் அது சினிமா என்று பதில் எழுதினேன். மிருதுளாவைத் தலைக்குக் குளிப்பாட்டினேன். துணி துவைத்தேன். வியாபாரி போல வருகிறான் என்ற வரி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

பத்தரை மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே ஏதோ ஊர் சொன்னாள்.

"ஏம்மா, போலீசா?"

"இல்லம்மா, அது சினிமாவுக்காகச் செஞ்ச போஸ்டரு. நான்தான்..."

"நீ சினிமான்னு சொல்ற. இங்க ஆளே வந்து நிக்கிறான்மா! டிவிஎஸ்ல பொட்டியக் கட்டிக்கிட்டு. அதே மூஞ்சி. பிள்ளைகளை எல்லாம் வீட்டுக்குள்ள போட்டு அடைச்சுட்டோம். நம்பலைன்னா கேளு, நீயே கேளு."

போனை வாசல் பக்கம் நீட்டியிருப்பாள் போல. தூரத்தில் ஒலிபெருக்கி. கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்சி ரிப்பேர் செய்யப்படும். குக்கர் கைப்பிடி, கேஸ்கட், விசில் மாற்றித் தரப்படும். உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, உங்கள் கண் முன்னாலேயே செய்து தரப்படும், அம்மா.

அந்தக் குரல் என்னுடையது.

இனி இங்கே எழுதாமல் இருந்து பயனில்லை. போஸ்டரில் இருப்பது என் அண்ணன் வெயிலுமுத்து. ஊர் ஊராகப் போய் அடுப்பு ரிப்பேர் செய்கிற ஆள். பதினாலு வருடத்துக்கு முன்னால் நான் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்தபோது, லீவுக்குப் போன இடத்தில் அந்த அறிவிப்பைப் பேசிக் கொடுத்தேன். ஒரே தடவைதான் பேசினேன். கடைசியில் அவரைப் பார்த்து "போதுமாண்ணே?" என்று கேட்டேன். அதை வெட்டத் தெரியாமல் அதுவும் சேர்ந்து பதிவாகிவிட்டது. வெட்டித் தருகிறேன் என்றதற்கு, இருக்கட்டும் என்றுவிட்டார். பிறகு இவரிடமிருந்து அடுத்த ரிப்பேர்காரர் வாங்கி, அவரிடமிருந்து இன்னொருவர் வாங்கி, இப்போது நாலு தாலுகாவில் எல்லா வண்டியிலும் அதுதான். "போதுமாண்ணே?" என்று பிள்ளைகள் வண்டிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடுமாம்.

"அம்மா, அவரை ஒண்ணும் பண்ணிறாதீங்க," என்றேன். "அவரு எனக்குத் தெரிஞ்சவரு."

அண்ணன் என்று சொல்ல வாய் வரவில்லை. இரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை.

"தெரிஞ்சவனா? அப்ப நீயும் அந்தக் கூட்டந்தானா?" என்றாள். வைத்துவிட்டாள். திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பதினோரு தடவை கூப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணன் நம்பரை அழித்துவிட்டேன் என்று எல்லாரிடமும் சொல்லியிருந்தேன். போனிலிருந்து அழித்தேன், அவ்வளவுதான். விரல் தானாகவே போட்டது. அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று வந்தது. காலையிலிருந்து அப்படியே.

பத்து மணிக்கு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த அம்மா பொறுமையாகக் கேட்டு, மனுவை வாங்கிக்கொண்டு, அந்த மாவட்டத்துக்குத் தகவல் அனுப்புவதாகச் சொன்னார். "ஒரு படத்த ஒட்டினா கிழிக்கலாம். போனுக்குள்ள போனத யார் கிழிக்கறது?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்க அண்ணன் படத்தயே ஏன்மா போட்டீங்க?" என்று கேட்டார். வெளிச்சம் நன்றாக இருந்தது என்றேன்.

மதினிக்குப் போன் போட்டேன். அண்ணன் மனைவி பாண்டீஸ்வரி. 

"ரெண்டு வருசம் கழிச்சு இப்பத்தான் நம்பரு ஞாபகம் வந்துச்சாக்கும்?"

"மதினி, அண்ணன் எங்க இருக்காரு?"

"லைனுக்குப் போயிருக்காக, ஊரூரா வேலை பாக்க. போனு தண்ணியில விழுந்து போச்சு. ரெண்டு நாளைக்கு ஒருக்கா டீக்கடையில யாருகிட்டயாச்சும் வாங்கிப் பேசுவாக. நேத்து ராத்திரிகூடப் பேசுனாக. பழைய லைன்ல வேலை கொறஞ்சு போச்சுன்னு இந்த வருசந்தான் புதுசா அந்தப் பக்கம் போறாக. ஒரு சனத்தையும் தெரியாது. வியாழக்கெழம மேலக்கரிசல்பட்டி சந்தைன்னாக. எதுக்குக் கேக்குற?"

சொன்னேன். மதினி அழவில்லை, திட்டவும் இல்லை. "அந்த மனுசன் உனக்கு என்ன செஞ்சாருன்னு இப்படிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டாள்.

என்ன செய்தார் என்று மதினிக்கும் தெரியும். கணவன் கதிரேசனை விட்டு நான் வந்த பிறகு, நாங்கள் இருக்கும் இடம் அண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்து, தாய்மாமன் என்று சொல்லி மிருதுளாவை அழைத்துப் போய், கதிரேசன் கையில் கொடுத்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் இவரை முன்பே தெரியும், அனுப்பிவிட்டார்கள். தகப்பன் ஒரு தடவை பார்க்கட்டும், சாயங்காலம் கொண்டுவந்து விட்டுவிடுகிறேன் என்று கதிரேசன் சொன்னானாம். மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் நான் என்ன பாடுபட்டேன் என்று இந்த நோட்டில்கூட எழுதவில்லை. திரும்பி வந்த பிள்ளை ஒரு வாரம் வாயைத் திறக்கவில்லை.

வெளிச்சம் நன்றாக இருந்தது என்பது பொய். பிள்ளையைக் கையில் கொடுக்கலாம் என்று தோன்ற வேண்டும் என ஜெயசீலன் சொன்னபோது, போட்டோவைத் தேடுவதற்கு முன்னாலேயே எனக்கு ஒரே ஒரு முகம்தான் ஞாபகம் வந்தது. 'பிள்ளை பிடிப்பவன்' என்ற எழுத்துக்குக் கீழே அதை வைத்துப் பார்த்தபோது திருப்தியாகவே இருந்தது. இதை அந்த ஸ்டேஷன் அம்மாவிடம் சொல்ல முடியுமா?

ஜூன் 18, புதன்

ஜெயசீலனிடம் சொன்னேன். "அக்ரிமென்ட் இருக்கேம்மா, நான் என்ன பண்ணட்டும்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ என்ன பண்ணாலும் எனக்குத் தெரியாது, நான் பாக்கல," என்றார். அந்த மட்டில் நல்ல மனிதர்.

எல்லாவற்றையும் வெளியே போட்டேன். போஸ்டர் எப்படிச் செய்யப்பட்டது என்று படிப்படியாக ஒரு வீடியோ. அதோடு வெட்டாத மூலப் போட்டோ. எட்டு வருடத்துக்கு முந்தினது, மிருதுளாவின் காதுகுத்து. தாய்மாமன் மடியில் பிள்ளை உட்கார்ந்திருக்கிறாள். ஒரு வயது. ஆசாரி ஊசியைக் கொண்டுவருவதைப் பார்த்துவிட்டு, இடது கையால் மாமன் சட்டைக் காலரை இறுக்கிப் பிடித்திருக்கிறாள். அண்ணன் அவளைப் பார்க்காமல் எங்களைப் பார்த்துச் சிரிக்கிறார். நான் அழித்தது அந்த நாலு விரல்களைத்தான்.

பகல் பன்னிரண்டு மணிக்குள் நூற்றுப்பத்து பேர் பதில் எழுதிவிட்டார்கள். 'கம்ப்யூட்டரில் ஒட்டியது.' 'மடியில் இருப்பதே கடத்திய பிள்ளைதான்.' 'இந்தப் பெண்ணையும் பிடிக்க வேண்டும்.' பத்து வருடமாகப் பொய்யை நிஜம் போலச் செய்து பிழைக்கிறேன். நிஜத்தை நிஜம் போலக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இனி இங்கே உட்கார்ந்திருக்க முடியாது. சாயங்கால ரயில், விடிந்தால் விருதுநகர். மிருதுளா கீழ்வீட்டு ஜாஸ்மின் அக்காவிடம் இருப்பாள். பள்ளியிலிருந்து அவளை அழைத்துவர என்னைத் தவிர யாருக்கும் அனுமதி இல்லை, அதனால் நாளைக்கு லீவு.

ஜூன் 19, வியாழன்

ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

அருப்புக்கோட்டையில் டவுன் பஸ் ஏறும்போது மணி ஒன்பதரை. சந்தை நாள், நிற்க இடமில்லை. என் காலடியில் ஒரு ஆட்டுக்குட்டி, முதுகில் வெங்காய மூட்டை. மேலக்கரிசல்பட்டிக்கு இன்னும் இருபது நிமிடம் இருக்கும்போது இரண்டாவது சிம் அடித்தது.

"அந்த ஆளைப் புடிச்சு வச்சுருக்கோம். போலீசு எப்ப வரும்?" இளவட்டக் குரல். பின்னால் ஏகப்பட்ட சத்தம். யாரையோ அடிக்கிற சத்தமும் இருந்தது.

"நான் போலீஸ் இல்ல. தம்பி, கேளுங்க, அது சினிமா போஸ்டரு. நான்தான் செஞ்சேன். அவரு எங்க அண்ணன். கூடப் பொறந்த அண்ணன்."

"அவனும் இதையேதான் சொல்றான். தங்கச்சி செஞ்ச படம்னு. ரெண்டு பேரும் பேசி வச்சுட்டு வந்தீங்களாக்கும்?"

அவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை நினைக்க அப்போது நேரமில்லை.

"போட்டோ அனுப்புறேன் தம்பி, பிள்ளையோட இருக்காரு பாருங்க..."

"அதெல்லாம் நேத்தே வந்துருச்சு. கம்ப்யூட்டர்ல என்ன வேணாலும் பண்ணுவாய்ங்க. ஏய், கட்டுங்கடா அவனை!"

எனக்கு மூளை நின்றுவிட்டது. படம் போனது. பேச்சு போனது. கையில் வேறென்ன இருக்கிறது? அப்போதுதான் அது தோன்றியது.

"தம்பி, வச்சுறாதீங்க! அவரு வண்டியில அறிவிப்புப் போடுற மைக்செட்டு இருக்கா?"

"கெடக்கு. எதுக்கு?"

"அதைப் போடுங்க. என்னையும் ஸ்பீக்கர்ல போடுங்க. ஒரே ஒரு நிமிசம். அப்புறம் என்னமும் செய்யுங்க, தம்பி, உங்க கால்ல விழுறேன்."

போடுவானா மாட்டானா என்று தெரியாது. நான் பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டேன். பஸ்ஸுக்கு நடுவில், கம்பியைப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். "கேஸ் அடுப்பு ரிப்பேர், குக்கர் ரிப்பேர், மிக்சி ரிப்பேர் செய்யப்படும்!" ஆட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். முன்சீட்டில் இரண்டு பேர் சிரித்தார்கள். கண்டக்டர், "என்னம்மா, பஸ்ஸுக்குள்ளயா யாவாரம்?" என்றார். நான் நிறுத்தவில்லை. "குக்கர் கைப்பிடி, கேஸ்கட், விசில் மாற்றித் தரப்படும்!" இதற்குள் போனுக்குள்ளிருந்து அதே குரல், கொஞ்சம் இளசாக, எனக்கு அரை வரி பின்னால் வர ஆரம்பித்தது. அந்தப் பக்கத்துச் சத்தம் குறைவது எனக்குக் கேட்டது. "உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, உங்கள் கண் முன்னாலேயே செய்து தரப்படும், அம்மா!"

அடுத்த இரண்டு சொல்லை என்னால் சொல்ல முடியவில்லை. போனுக்குள் இருந்தவள் சொன்னாள். "போதுமாண்ணே?"

அதன் பிறகுதான் எனக்கும் வந்தது. "போதும்ண்ணே," என்று அழுதேன். "போதும், விட்டுறச் சொல்லுண்ணே."

ஒரு கிழவியின் குரல் கேட்டது. "அடேய், இந்தப் பிள்ளை கொரலைத்தானடா வருசக்கணக்கா நம்ம தெருவுல கேக்குறோம்! இதுக்கு அண்ணன்னா, இவன்தானடா அந்த அண்ணன்? கைய எடுங்கடா பாவிகளா!"

பஸ்ஸில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. என்ன ஏது என்று ஒருத்தரும் கேட்கவும் இல்லை. கண்டக்டர் முன்னால் போய் டிரைவர் காதில் ஏதோ சொன்னார். நடுவில் இரண்டு நிறுத்தத்தில் பஸ் நிற்கவே இல்லை. இறங்க வேண்டியவர்களும் ஒன்றும் சொல்லவில்லை.

நான் போனபோது அண்ணனை வேப்பமரத்தடியில் உட்காரவைத்திருந்தார்கள். போலீஸ் ஜீப்பும் அதே நேரத்துக்கு வந்தது. யாரோ சோடா வாங்கிக் கொடுத்திருந்தார்கள், குடிக்காமல் கையில் வைத்திருந்தார். நெற்றியில் வாய் பிளந்த காயம். வலது மணிக்கட்டு தொங்கியது. பக்கத்தில் ரத்தம் பட்ட கல் ஒன்று கிடந்தது. வெளுப்பாக, ஓரத்தில் காவியேறி. நிறத்தை நான் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

எட்டுத் தையல். மணிக்கட்டுக்கு மாவுக்கட்டு. உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார், நான் இரண்டு தடவை கேட்டேன்.

"எப்பண்ணே பாத்த அந்தப் போஸ்டரை?"

"ஞாயித்துக்கெழமையே. டீக்கடையில ஒருத்தன் போன்ல காமிச்சான். சட்டையப் பாத்ததுமே தெரிஞ்சு போச்சு, உன் வேலைன்னு."

"பாத்துட்டுமா லைனுக்குப் போன? வீட்டுக்குப் போயிருக்கலாம்ல?"

 கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நீ பொய்யாவா போட்டுருக்க, தாயி? செஞ்சதைத்தான போட்டுருக்க. அன்னைக்கு மாப்பிள்ளை வந்து பிள்ளையத் தூக்கும்போது, அவ என் காலரைப் புடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. நான்தான் ஒவ்வொரு வெரலாப் பிரிச்சு விட்டேன். சாயங்காலம் வந்துரும்னுதான் பிரிச்சேன். அந்தப் போஸ்டர்ல காலர் வெறுமனே இருந்துச்சா... அதைத்தான் சொல்ற போலன்னு நெனச்சுக்கிட்டேன்."

எனக்கு அது தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. அவருடைய நல்ல கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மதினி வந்ததும் எழுந்து இடம் விட்டேன். அவள் என்னைத் தள்ளிவிடவில்லை. எனக்கும் சேர்த்துத்தான் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

ஜூன் 20, வெள்ளி

அந்தப் படம் இன்று சேலம் பக்கம் போயிருக்கிறது. இரண்டு போன் வந்தது. பதில் சொன்னேன். இந்த சிம்மை இனி அணைக்க முடியாது.

ஜூன் 23, திங்கள்

சென்னைக்கு வந்துவிட்டேன். தயாரிப்பாளர் ஆபீஸிலிருந்து கடிதம் வந்திருக்கிறது, படத்தின் ரகசியத்தை வெளியிட்டதற்கு விளக்கம் கேட்டு. எழுத வேண்டும். ஜெயசீலன் போனை எடுக்கவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று இங்கே எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன். அந்த மூன்று நாள் அப்படியேதான் இருக்கிறது, அது போகாது. ஆனால் கை சேர ஆறு வாரம் ஆகும், அதுவரை அடுப்பு ரிப்பேர் கிடையாது, ஒரு மாதம் இங்கே வந்து இருக்கட்டும் என்று மதினியிடம் நான்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறார்கள். மிருதுளா கேட்டாள், "மாமா என்னை ஸ்கூலுக்குக் கூப்பிட வருவாங்களா?" பார்க்கலாம் என்றேன். "வந்தா, உங்கிட்டதானே கூட்டிட்டு வருவாங்க?" என்றாள். இரண்டு வருடத்தில் அவள் அதைப் பற்றிப் பேசியது இதுதான் முதல் தடவை. ஆமாம், என்னிடம்தான் என்றேன்.

அன்றைக்கு வண்டியை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனபோது ஒலிபெருக்கி கீழே விழுந்து மெமரி கார்டு உடைந்துவிட்டதாம். அறிவிப்பைப் புதிதாகப் பேசி அனுப்பினேன். கடைசி இரண்டு சொல்லை வெட்டவில்லை.

ஜூன் 25, புதன்

பள்ளி ஆபீஸில் படிவத்தைத் திரும்பக் கேட்டேன். கோடு போட்டதில் எழுத முடியாது என்று புதுப் படிவம் கொடுத்தார்கள். இரண்டாவது கட்டத்தில் 'வெயிலுமுத்து, தாய்மாமன்' என்று எழுதினேன்.

போட்டோ வேண்டும். அண்ணனிடம் பாஸ்போர்ட் சைஸ் எதுவும் கிடையாது, இப்போது எடுத்தால் நெற்றியில் கட்டு இருக்கும். வீட்டுக்கு வந்து அந்தப் பழைய போட்டோவையே திறந்தேன். தோள் வரைக்கும் வெட்டினேன். வயது கூட்டவில்லை, நிழல் போடவில்லை.

நாளைக்கு இதை வாங்கிப் பார்க்கும் ஆபீஸ் அம்மா, காலரில் என்னவோ இருக்கிறதே, வேறு நல்ல போட்டோ இல்லையா என்று கேட்பார். பிள்ளையின் விரல் என்று சொல்ல வேண்டும்.